மறந்தவர் மறவாத சங்கீதம்

பதினாறாம் நூற்றாண்டின் ஐரோப்பிய சங்கீதத்தில், அதிலும் ஓர்லாந்துஸ் லாஸுஸ் என்னும் சங்கீத கர்த்தாவின் படைப்புகளில், ஆழ்ந்த பாண்டித்தியம் பெற்றவராய், பி.பி.சி. வானொலியில் நிகழ்ச்சிகளை அமைப்பவராய், லண்டனில் பாடகர் கோஷ்டிகளைப் பயிற்றி நடத்துபவராய் விளங்கிய கிளைவ் வேரிங் என்பவர், 1985-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தலைவலி என்று படுத்தார். அப்போது அவருக்கு வயது 46. பெரும்பாலோருக்கு உதட்டோரத்தில் கொப்புளம் உண்டாக்குவதோடு நின்றுவிடும் ஹெர்பெஸ் கிருமி, மிக அபூர்வமாகச் சிலருக்கு நேர்வதுபோல், அவருடைய மூளைக்குள் புகுந்துவிட்டிருந்தது. வைத்தியர்கள் உயிரைக் காப்பாற்றினார்கள்; ஆனால் மூளையின் உட்புறத்தில், காதுகளுக்கு நேரே சற்று ஆழத்தில் கிடப்பதும், ஹிப்போகாம்பஸ் என்று பெயர் பெற்றதும், இன்று நடந்ததை நாளைக்கென்று எடுத்துவைக்கும் பொறுப்பை உடையதுமான பகுதி இரு பக்கத்திலும் அழிந்துபோயிற்று.

அதன் பிறகு வேரிங்கின் உலகம் சில விநாடிகளின் நீளமே உடையதாயிற்று. கேட்ட கேள்விக்கு விடை சொல்லி முடிப்பதற்குள் கேள்வி மறந்துபோகும். தாம் இப்பொழுதுதான் முதன்முதலாகக் கண்விழித்திருப்பதாக, மணியும் நிமிஷமும் குறித்து, நாட்குறிப்பில் எழுதுவார். சற்று நேரத்தில் அவ்வரி கண்ணிற்படும்போது, அதை எழுதிய வேளையில் தாம் விழித்திருந்ததாக நம்ப இயலாமல் அதனை அடித்துவிட்டு, கீழே அதே செய்தியைப் புதிய நேரமிட்டு மறுபடியும் எழுதுவார். இவ்விதம் பக்கம் பக்கமாக நிறைந்த குறிப்பேடுகள் உண்டு. நோய்க்கு முந்திய ஆண்டில் மணந்துகொண்ட மனைவி டெபோராவை அவர் மறக்கவில்லை. ஆயினும் அந்த அம்மையார் அடுத்த அறை வரை சென்று திரும்பினாலும், பல்லாண்டு பிரிந்திருந்தவரைக் கண்டதுபோல் ஆனந்தத்தோடு எழுந்து தழுவிக்கொள்வார்.

இப்படிப்பட்ட மனிதரைப் பியானோவின் முன் அமர்த்தி, சுரக்குறிப்பு எழுதிய தாளை எதிரில் வைத்தால், வாசிக்கிறார். தட்டுத்தடுமாறி அன்று, வித்துவான் வாசிப்பதுபோலவே வாசிக்கிறார். தாம் முன்பு பயிற்றிய பாடகர்களுக்கு முன் நிற்கவைத்தபோது, எந்தக் குரல் எந்த இடத்தில் நுழையவேண்டுமோ அந்த இடத்தில் அதனைக் கையசைத்து அழைத்து, கோஷ்டியைக் குறைவின்றி நடத்தினார். பாக் என்ற சங்கீத கர்த்தா எழுதிய பிரிலூடு என்னும் உருப்படிகளில் ஒன்றை வாசிக்கும்படி கேட்டபோது, அவற்றில் எதையும் தாம் வாசித்ததே இல்லையென்று சாதித்தவர், விரல்கள் வாசிக்கத் தொடங்கிய பிறகு, இது தமக்கு ஞாபகமிருக்கிறது என்று சொன்னதாக, அவரை நேரில் கண்டு எழுதிய நரம்பியல் வைத்தியர் ஆலிவர் ஸாக்ஸ் குறிப்பிடுகிறார். வாசித்து முடித்த சிறிது நேரத்தில், வாசித்தோம் என்பதும் மறந்துபோகிறது.

இங்கே ஞாபகம் என்று நாம் ஒருமையில் வழங்கும் பொருள் உண்மையில் ஒன்றுதானா என்ற சந்தேகம் எழுவது இயல்பு. அது ஒன்றன்று என்பதற்கு வலுவான அத்தாட்சி, வேரிங் நோயுறுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தது. வலிப்பு நோயைத் தணிப்பதற்காக 1953-இல் அமெரிக்காவில் ஓர் இளைஞருக்கு மூளையின் இருபுறத்து ஹிப்போகாம்பஸ் பகுதியும் கணிசமான அளவு வெட்டி எடுக்கப்பட்டது. வலிப்புக் குறைந்தது, புதிய ஞாபகம் சேர்வது அடியோடு நின்றுபோயிற்று. எச்.எம். என்ற எழுத்துகளால் வைத்திய நூல்களில் நெடுங்காலம் அறியப்பட்ட அவரை மான்ட்ரியால் நகரத்து பிரெண்டா மில்னர் என்ற உளவியல் அறிஞர் ஆராய்ந்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் கோட்டின்மேல் பென்சிலை ஓட்டும் அப்பியாசத்தைக் கொடுத்தார். நாளுக்கு நாள் அவர் கை தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும் அவர் அதனை முதன்முறையாகச் செய்வதாகவே எண்ணினார். 1962-இல் மில்னர் வெளியிட்ட இம்முடிபு, நடந்த சம்பவங்களை வைத்திருக்கும் ஞாபகமும் கற்ற வித்தையை வைத்திருக்கும் ஞாபகமும் மூளையில் வெவ்வேறு இடங்களைச் சார்ந்தவை என்பதை நிலைநாட்டிற்று. சைக்கிள் விடுதல், நீந்துதல், வீணை மீட்டுதல் ஆகியவற்றை நாம் எந்த நாளில் யாரிடம் கற்றோம் என்பது மறந்தாலும், செய்யும் திறம் மறவாமைக்கு இதுவே காரணம்.

எனினும் சங்கீதத்தை வெறும் விரற்பழக்கமென்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. தாளைப் பார்த்து வாசித்தலும், பாடகரின் பிழையைச் செவி கண்டுகொள்ளுதலும், ஒரு சஞ்சாரம் எங்கே போய் முடியும் என்று முன்னரே எதிர்பார்த்தலும், அந்த எதிர்பார்ப்பு நிறைவேறும்போது உள்ளம் பூரிப்பதும் விரலின் காரியமல்ல. நேற்றுப் பகலில் என்ன சாப்பிட்டோம் என்று எண்ணிப் பார்ப்பவர், முடிந்துபோன ஒன்றைத் தேடிப் பின்னோக்கிப் போகவேண்டும்; பாட்டை ஞாபகம் கொள்பவரோ பின்னோக்கிப் போவதில்லை; ஒரு சுரம் அடுத்த சுரத்தைத் தானே கொண்டுவர, முன்னோக்கியே செல்கிறார். வேரிங்கிற்கு இல்லாமற்போனது கடந்த காலம். பாட்டு நிகழ்வது நிகழ்காலத்தில்.

இனி முதுமைக்கு வருவோம். 1906-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ட்யூபிங்கன் நகரத்தில் கூடிய மனநோய் வைத்தியர்களின் சபையில், அலோயிஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய வைத்தியர் ஒரு பெண்மணியின் விசித்திரமான மறதியைப் பற்றியும், அவர் இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் கண்டதைப் பற்றியும் பேசியபோது, கேட்டவர்கள் அதனைப் பெரிதாக மதிக்கவில்லை. இன்றோ முதுமையில் வரும் மறதி நோய்களுள் முதன்மையானது அவர் பெயரால் வழங்குகிறது. வேரிங்கிற்குச் சில நாட்களில் நேர்ந்தது, அல்சைமர் நோயில் பல ஆண்டுகளில் நேர்கிறது. ஹிப்போகாம்பஸும் அதை அடுத்த பகுதிகளும் முதலில் தாக்கப்படுவதே இந்நோயின் பெரும்பான்மையான போக்கு. அன்றாடம் நடப்பதை நாள்வழிக் குறிப்பில் எழுதிப் பின்னர்ப் பேரேட்டில் ஏற்றும் கணக்குப்பிள்ளை முதலில் படுத்துக்கொண்டால், பழைய பேரேடுகள் அலமாரியில் அப்படியே இருக்க, புதிய வரவு மட்டும் எங்கும் பதியாமற்போகும் அல்லவா? காலையில் மகன் வந்துபோனதை அறியாத பாட்டி, தம் கல்யாணத்தை அணு அணுவாக வருணிப்பது இந்நிலையில்தான். நோய் முற்ற முற்றப் பழைய பேரேடுகளையும் அழிக்கிறது. அப்பொழுதும் பல ஆண்டுகள் வரை பாட்டு மிஞ்சுகிறது என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

இதனை வைத்தியர்கள் ஒருவர் இருவரிடமாகவே முதலில் கண்டார்கள். முன்பு கற்ற பியானோ உருப்படிகளைப் புத்தகமின்றி வாசிக்கக்கூடிய, ஆனால் வாசித்த உருப்படியின் பெயரையோ அதை இயற்றியவரின் பெயரையோ சொல்ல இயலாத 82 வயதுச் சங்கீதக்காரர் ஒருவரைப் பற்றி 1989-இல் அமெரிக்க நரம்பியல் வைத்தியர்கள் எழுதினார்கள். கனடாவில் கிங்ஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2005-இல் விவரித்த 84 வயது மூதாட்டி வித்துவாட்டியுமல்லர்; நோய் மிக முற்றிய நிலையிலும், தெரிந்த மெட்டைக் கேட்டால் கூடவே பாடினார்; அதே மெட்டில் வேண்டுமென்றே ஒரு சுரத்தைப் பிசகாக வாசித்துக் காட்டியபோது, முகத்தைச் சுளித்து வியப்புக் காட்டினார். மெட்டின் பெயரை அவரால் சொல்ல முடிந்திராது. பெயர் ஓரிடத்தில், மெட்டு வேறிடத்தில் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுவதில்லை.

அந்த வேறிடம் எது என்ற வினாவிற்கு லைப்சிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2015-இல் ஒரு விடை கூறினார்கள். ஆரோக்கியமான இளைஞர்களுக்கு, நெடுநாள் பழகிய பாட்டையும், சற்று முன்பு மட்டும் கேட்ட பாட்டையும், கேட்டே இராத பாட்டையும் ஒலிக்கச் செய்து, அச்சமயத்தில் மூளையைப் படமெடுத்தபோது, மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று நோக்கும் உட்பக்கத்தில், அசைவுகளை முன்கூட்டி வகுக்கும் பகுதியும் அதன் கீழுள்ள ஒரு பகுதியும் பழகிய பாட்டின்போது தனித்து விளங்கின. பிறகு அல்சைமர் நோயாளிகளின் மூளைப் படங்களை எடுத்துவைத்துப் பார்த்தால், அதே பகுதிகள் மற்றவற்றைக் காட்டிலும் குறைவாகவே சுருங்கியிருந்தன. இதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும் வாசகர் இரண்டு விஷயங்களையும் உடன் வைத்துக்கொள்ளவேண்டும். பாட்டைக் கேட்டவர்கள் ஒரு சாரார், நோயுற்றவர்கள் வேறொரு சாரார்; ஆகவே முடிபு ஊகத்தின்பாற்பட்டது. அன்றியும், இந்நோயின் அடையாளமாகிய அமிலாய்டு என்னும் புரதக் கசடு அப்பகுதிகளில் குறைந்திருக்கவில்லை. கசடு சேர்ந்திருக்க, சிதைவு மட்டும் ஏன் தாமதிக்கிறது என்பது இன்னும் திறவாத கதவு.

எல்லாப் பாட்டும் ஒரே அளவில் தங்குவதில்லை. வயோதிகர்களின் நினைவுகளைச் சேகரித்துப் பார்த்த உளவியல் அறிஞர்கள், பத்து வயதிற்கும் முப்பது வயதிற்கும் இடைப்பட்ட காலத்து ஞாபகங்களே மிகுதியாக நிற்பதை வெகுநாளாக அறிவார்கள், பாட்டிலும் அப்படியே. கலிபோர்னியாவில் பெட்டர் ஜனாட்டா என்பவர் 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு பழைய பாட்டு ஒருவருடைய வாழ்க்கைச் சம்பவத்தை எழுப்பும்போது, நெற்றிக்குப் பின்னே உட்பக்கமாக அமைந்த பகுதி தொழிற்படுவதைக் கண்டார். அல்சைமர் நோய் இப்பகுதிக்கும் பெரும்பாலும் பிந்தியே வந்து சேர்கிறது. ஆதலின், தாத்தாவிற்கு மனத்துக்கு இதமாக இருக்கட்டுமென்று ஏதோ ஒரு பக்திப் பாடலை நாள்முழுவதும் ஓடவிடும் பேரப்பிள்ளைகள், அவர் பிறந்த ஆண்டைக் கேட்டுக்கொள்வது நன்று. 1943-இல் பிறந்தவருக்கு, விசுவநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் சேர்ந்து இசையமைத்துவந்து பிரிந்த ஆண்டாகிய 1965-இல் வயது 22. அவருடைய ஞாபகத்தின் செழுமையான நிலம் அதுவேயன்றி, நமக்கு உகந்ததாகத் தோன்றும் பஜனை அன்று. அவர் இளமையில் பஜனை மடத்தில் கழித்தவராயின் விஷயம் வேறு.

சங்கீதம் எல்லாரிடத்தும் கடைசிவரை நிற்கும் என்று சொல்லிவிட்டால் எழுதுவதற்கு எளிதாகத்தான் இருக்கும். ஆனால் மாரிஸ் ராவெல் குறுக்கே நிற்கிறார். பிரெஞ்சு தேசத்தின் தலைசிறந்த சங்கீத கர்த்தாக்களுள் ஒருவராகிய அவர், தம் ஐம்பது வயதுகளின் பிற்பகுதியில் மெல்ல மெல்ல எழுத்தையும் பேச்சையும் இழக்கத் தொடங்கினார். அவரைப் பரிசோதித்த தியோஃபில் அலஜுவானின் என்ற நரம்பியல் வைத்தியர் பின்னர் 1948-இல் எழுதியபடி, தம் கிருதியைப் பிறர் வாசிக்கும்போது நேரும் சிறு பிசகையும் அவர் செவி கண்டுகொண்டது; சுரக்குறிப்பைப் படித்து வாசிக்கவோ, தலைக்குள் ஒலித்த சங்கீதத்தைத் தாளில் இறக்கவோ அவரால் ஆகவில்லை. எழுத எண்ணிய இசைநாடகம் ஒன்று எழுதப்படாமலே போயிற்று. மூளையில் சஸ்திர சிகிச்சை செய்தபின் 1937 டிசம்பர் 28-ஆம் நாள் தம் 62-ஆம் வயதில் அவர் மறைந்தார். வேரிங்கிற்குக் கைகூடியது ராவெலுக்குக் கைகூடவில்லை. வியாதி பிடித்த இடம் வேறு. சங்கீதமும் ஞாபகத்தைப்போலவே ஒன்றாய்த் தோன்றும் பல.

அப்படியானால் சங்கீதம் மருந்தாகுமா? பாட்டைக் கேட்டதும் வாய் திறந்து பேசத் தொடங்கிய முதியோரின் காட்சிகளைத் திரைப்படத்திலும் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள் பலர். 2014-இல் அமெரிக்காவில் வெளியான ‘அலைவ் இன்சைட்’ என்ற ஆவணப்படம் அவற்றுள் புகழ்பெற்றது. அவரவர் இளமைப் பாட்டுகளைச் சிறு கருவியில் நிரப்பிச் செவியில் மாட்டிவிடும் அந்த முறை முதியோர் இல்லங்கள் பலவற்றிற்குப் பரவியது. ஆனால் அதே முறையை இல்லங்கள் பலவற்றில் ஒழுங்காகப் பரிசோதித்தபோது, நோயாளிகளின் கிளர்ச்சியும் படபடப்பும் கணிசமாகக் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. காக்ரேன் என்ற வைத்திய ஆராய்ச்சி அமைப்பினர் 2018-இல், 1097 பேரை உட்கொண்ட 22 பரிசோதனைகளைத் தொகுத்து நிறுத்துப் பார்த்துக் கண்ட முடிபும் இந்த வகையினதே: ஐந்து அமர்வுகளுக்குக் குறையாத சங்கீத சிகிச்சை, மறதி நோயுற்றோரின் மனச்சோர்வைச் சற்றுத் தணிக்கக்கூடும், நடத்தையிலுள்ள தொல்லைகளைக் குறைக்கக்கூடும், அறிவுத்திறனை உயர்த்துவதாகத் தெரியவில்லை. இழந்த ஞாபகம் பாட்டினால் மீண்டுவரும் என்று விளம்பரம் செய்பவர் யாராயினும் அவரிடம் பணம் கொடுக்கவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மோட்சார்ட்டைக் கேட்டால் புத்தி வளரும் என்ற பிரமை நினைவிருக்கும். 1993-இல் கல்லூரி மாணவர்களிடம் சில நிமிஷங்கள் மட்டும் காணப்பட்ட ஒரு சிறு மாறுதலைக் கொண்டு, 1998-இல் ஜார்ஜியா மாகாணத்து கவர்னர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் அரசாங்கச் செலவில் சங்கீத நாடா வழங்க முற்பட்டார்.

மனச்சோர்வு சற்றுத் தணிவதை அற்பமென்று நான் கருதவில்லை. பகலெல்லாம் ஒரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கும், அவரைப் பராமரிக்கும் மகளுக்கும், அரை மணி நேரம் சேர்ந்து பாடுவதற்கு ஒரு பாட்டு இருப்பது, அளவுகோலில் ஏறாவிட்டாலும், பெரும் பேறு. பாரிச வாயுவால் விழுந்தவர்களிடத்திலோ அளவுகோலிலும் அது ஏறியிருக்கிறது. ஹெல்சிங்கி நகரத்தில் தெப்போ ஸார்காமோ என்பவர் 60 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினரைத் தினமும் தமக்குப் பிடித்த சங்கீதத்தையும், மற்றொரு பிரிவினரை ஒலிநூல்களையும் இரண்டு மாதம் கேட்கச் செய்து, மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றும் கொடாமல் விட்டார். மூவகையாருக்கும் வழக்கமான சிகிச்சை நடந்தது. 2008-இல் வெளியான முடிபின்படி, சொற்களை ஞாபகம் வைத்துக்கொள்வதிலும் கவனத்தை ஒருமுகப்படுத்துவதிலும் சங்கீதம் கேட்டவர்களே மிகுதியாகத் தேறினர். சிதைந்துகொண்டே போகும் மூளைக்கும், அடிபட்டபின் தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும் மூளைக்கும் உள்ள வேற்றுமை இங்கே புலனாகிறது.

நோய் வருமுன் காக்கலாமா என்பது வேறொரு கேள்வி. அதிலே வழுக்கு நிலம் அதிகம். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரைச் சுமார் ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்ததில், வாத்தியம் வாசிப்பவர்களுக்கும், புத்தக வாசிப்பும் சதுரங்கம் போன்ற ஆட்டங்களும் நடனமும் பழகுபவர்களுக்கும் மறதி நோய் குறைவாகவே வந்ததென 2003-இல் அறிவித்தார்கள். வாத்தியம் வாசித்ததால் நோய் வரவில்லையா, நோய் உள்ளே முளைவிடத் தொடங்கியவர்கள் வாத்தியத்தைக் கைவிட்டார்களா என்று எவரும் கேட்கலாம்; வாத்தியம் வாங்கிக் கற்கும் வசதியுடையோர் மற்ற வகையிலும் நல்வாழ்வு வாய்த்தவர்கள் என்றும் சொல்லலாம். ஸ்வீடன் தேசத்து இரட்டையர்களுள் ஒருவருக்கு நோய் வந்து மற்றவருக்கு வராத இணைகளை எடுத்துக்கொண்டு பார்த்தபோதும், வாத்தியம் வாசித்தவர் பக்கமே அனுகூலம் இருந்தது. இது சந்தேகத்தை ஓரளவு குறைக்கிறதேயன்றிப் போக்கிவிடவில்லை.

சந்தேகத்தைப் போக்க வழி ஒன்றே: வாத்தியப் பழக்கமில்லாத முதியோரைக் கூட்டிவந்து கற்பிப்பது. ஜெனீவாவிலும் ஹானோவரிலும் கிளாரா ஜேம்ஸ் முதலியோர் அதைச் செய்தார்கள். 62 வயது முதல் 78 வயது வரையுள்ள, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற, ஆரோக்கியமான 132 பேரில் ஒரு பாதியினர் பியானோ கற்றனர். மற்றொரு பாதியினர் வாத்தியங்களை அடையாளம் காணல், சங்கீதத்தின் அமைப்பையும் சரித்திரத்தையும் அறிதல் என்று, கூர்ந்து கேட்கும் கலையைப் பயின்றனர். இருவகையாருக்கும் வாரத்துக்கு ஒரு மணி நேரப் பாடமும், வீட்டில் தினம் அரை மணி நேர அப்பியாசமும் உண்டு. ஆறு மாதத்திற்குப் பின், செவியில் விழுந்ததைச் சிறிது நேரம் மனத்தில் நிறுத்திக் கையாளும் ஞாபகம் இருசாராரிடமும் சுமார் 6 சதவிகிதம் உயர்ந்திருந்தது. சிறுமூளையின் சில பகுதிகளில் சாம்பல்நிறப் பொருள் பெருகியிருந்தது. ஒலியை முதலில் ஏற்கும் வலப்பக்கத்துப் பகுதி, பியானோ கற்றவர்களிடம் நிலைபெற்றிருக்க, கேட்கும் கலை பயின்றவர்களிடம் சுருங்கியது. 2023-இல் இதனை வெளியிட்டவர்கள், மூளை முழுவதும் வயதின் காரணமாகச் சுருங்கிக்கொண்டு போவது எல்லாரிடத்தும் நிற்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். எழுபது வயதில் ஆர்மோனியம் கற்கப் போகிறேன் என்பவரைக் கண்டு வீட்டார் சிரிக்க வேண்டியதில்லை. பின்னணியில் வானொலியை முணுமுணுக்க விட்டுவிட்டுத் தினசரி வாசிப்பவர் அதே பலனை எதிர்பார்க்கவும் வேண்டியதில்லை. இரு பிரிவினரும் செய்தது சிரமப்பட்டுக் கற்பது.

இவையெல்லாவற்றிற்கும் முன்னதான ஒரு விஷயத்தை நம் வீடுகளில் எளிதில் மறந்துவிடுகிறோம். லான்செட் என்ற வைத்திய சஞ்சிகையின் குழுவினர் 2024-இல், மறதி நோய்க்கு வழிகோலுபவையும் நம்மால் மாற்றக்கூடியவையுமான 14 காரணங்களை வரிசைப்படுத்தியபோது, சங்கீதமின்மை அவற்றுள் இடம்பெறவில்லை; செவிமந்தம் இடம்பெற்றது. பிறர் பேச்சைப் பிடித்துக்கொள்ள மாட்டாமல் கூட்டத்தை விட்டு ஒதுங்கும் முதியவர், மனிதர்களோடு சேர்த்துப் பாட்டையும் இழக்கிறார். எனவே பழைய பாட்டுகளைத் தேடி எடுக்கும் முன்பு காதைப் பரிசோதிக்கவேண்டும். கேட்கும் கருவி வாங்குவோர் இன்னொன்றையும் கவனிப்பது நலம்: அக்கருவிகள் பேச்சைத் தெளிவாக்குவதற்கென்றே பெரும்பாலும் அமைக்கப்பட்டவை, மெல்லிய ஒலியைப் பெருக்கி வல்லொலியை அமுக்கும் அவற்றின் சுபாவம் பேச்சுக்கு உதவுமேயன்றி, சங்கீதத்தின் ஏற்றத்தாழ்வைத் தட்டையாக்கி, நாகசுரத்தையும் வயலினையும் இரைச்சலாக்கிவிடும். பல கருவிகளில் சங்கீதத்திற்கென்று தனியான அமைப்பு உண்டு. கேட்டால் அதைத் தனியே பொருத்தித் தருவார்கள்.